பெரியக்கா போன பிறகு

“விசா வந்துவிட்டது அண்ணா” என்று எங்கள் தொடரின் நாயகி சொன்னபோது, நான் அவருடைய வசனத்தில் ஒரு வரியை வெட்டிக்கொண்டிருந்தேன். திருகோணமலை உப்புவெளியில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் விறாந்தை. பக்கத்தில், அவர் ஏற்ற பாத்திரம் கிட்டத்தட்ட மூன்று வருடமாக உட்கார்ந்து தைத்த மெஷின். கணவர் கனடாவில். இரண்டு வருடமாகக் காத்திருந்த கடிதம் அது. வாய் வாழ்த்துச் சொல்லியது. மனம் அதற்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஐந்து கிழமையில் விமானம் ஏறுகிறார். அதற்குள் படப்பிடிப்பு நாட்கள் ஒன்பது. முடித்துக் கையிருப்பில் வைத்திருந்த பகுதிகள் ஆறு.

எங்களுடையது பெரிய தொடர் அல்ல. கிழமைக்கு இரண்டு நாள், விளம்பரம் போக 22 நிமிடம். சென்னைத் தொடர்கள் ஒரே வருடத்தில் ஓடிவிடுகிற தூரத்தை நாங்கள் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தோம். அப்போது 280ஆவது பகுதியைத் தாண்டியிருந்தது. விளக்குத் தூக்குகிறவர் உட்படப் பதினான்கு பேர். நான் காலையில் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன், பின்னேரத்தில் கதை வசனம் எழுதுகிறேன். கதை ஒரே வீட்டைச் சுற்றியது: அம்மம்மா, தாய், தையல் தைத்துக் குடும்பத்தை நடத்தும் மூத்த மகள், கடலுக்குப் போகும் தம்பி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை. மூத்தவளை ஊரே பெரியக்கா என்று அழைக்கும். தொடரின் தலைப்பும் அவளைத்தான் குறிக்கும். அந்த நடிகை சந்தைக்குப் போனால், அவரைவிட முப்பது வயது மூத்த பெண்களும் “பெரியக்கா, இன்றைக்குப் பாரை நல்லது” என்பார்கள்.

தயாரிப்பாளர் அலட்டிக்கொள்ளவில்லை. “வேறு ஒருவரைப் போடுவோம். கீழே எழுத்துப் போடுவோம்” என்றார். இவருக்குப் பதில் இவர். தமிழ்த் தொடர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பழகிய அட்டை அது. நேற்றுவரை ஒரு முகம், இன்று இன்னொரு முகம். அதே சேலை, அதே மாமியார், கதை நிற்காமல் போகும். அதை நான் கேலி செய்ய மாட்டேன். நடிகை போய்விட்டார், பாத்திரம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுகிற ஏற்பாடு. பிரிட்டனில் 1966இல் ‘டொக்டர் ஹூ’ தொடரிலிருந்து வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, நாயகன் வேற்றுக்கிரகவாசி என்பதால் அவன் உடலே புதிதாகிவிட்டதாகக் கதை கட்டி பட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுக்க ஒரு வேற்றுக்கிரகம் இருந்தது. எங்களிடம் உப்புவெளியும் ஒரு தையல் மெஷினும்தான். ஊசியில் நூல் கோக்கும்போது பெரியக்கா ஒரு கண்ணைச் சுருக்குவாள். அது நான் எழுதியது அல்ல, அந்த நடிகை கொண்டுவந்தது. வேறு முகம் அந்தக் கண்ணைச் சுருக்கினால் வீட்டில் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

அப்படியானால் சாகடிக்கலாம். அல்லது ஒருநாள் கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று வைத்து, ஆறு மாதம் தேடவிடலாம். இந்த இரண்டாவது யோசனை என்னுடையதுதான். இயக்குநர் என்னைவிட வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். பேப்பரை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “இந்த ஊரில் இதைக் கதையாகச் செய்யக் கூடாது அண்ணா” என்றார். சொல்லித்தான் எனக்கு உறைத்தது. மற்ற இடங்களில் ஒருத்தி காணாமல் போவது கதைக்கு ஒரு திருப்பம். 2004 டிசம்பர் கடலையும் பல வருட யுத்தத்தையும் கண்ட திருகோணமலையில், தங்கள் ஆளின் புகைப்படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் வைத்திருக்கிறவர்கள்தான் எங்கள் நேயர்கள். விளம்பர இடைவேளை வரும்வரை அவர்களைப் பதறவைக்க எனக்கு என்ன உரிமை? பெரியக்காவைக் கத்தாருக்கு அனுப்பினோம். நுண்கடன் ஏறிப்போன வீட்டிலிருந்து ஒரு பெண் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய இடத்துக்கு அதே பாத்திரம் அல்ல, வேறொரு பெண் வருவாள் என்று முடிவாயிற்று.

தலைப்பைப் பற்றித் தயாரிப்பாளர் ஓர் இரவு முழுக்க வாதாடினார். பெரியக்கா இல்லாமல் அந்தத் தலைப்பு எப்படி? ஸ்கொட்லாந்துப் பொலிஸ் தொடர் ‘டாகர்ட்’டைச் சொன்னேன். அந்தப் பாத்திரத்தில் நடித்த மார்க் மக்மானஸ் 1994இல் இறந்தார். தொடரோ அதே பெயரில் 2010 வரை ஓடியது. செத்தவர் பெயரில் பதினாறு வருடம் ஓடலாம் என்றால், கத்தாருக்குப் போனவள் பெயரில் ஓட முடியாதா? அதோடு வாயை மூடிக்கொண்டார். நான் அடுத்து வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் வேறு ஒன்று. அங்கேதான் கோட்டைவிட்டேன்.

ஒன்பது நாட்களில் ஏழு நாட்களை விடைபெறும் காட்சிகளுக்குச் செலவழித்தோம். தாயோடு அழுகை, தங்கையோடு அழுகை, பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் ஓர் அழுகை, பஸ் நிலையத்தில் எல்லோருமாக ஒரு கூட்டு அழுகை. நன்றாகத்தான் வந்தன. ஆனால் பெரியக்காவும் வரப்போகிறவளும் ஒரே கமராச் சட்டத்துக்குள் நிற்கிற ஒரு காட்சிகூட எங்களிடம் இல்லை. புதியவளை யார் நடிப்பது என்பதையே அப்போது முடிவுசெய்திருக்கவில்லை. ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்ற ஆங்கிலத் துப்பறியும் தொடர் இதை எவ்வளவு சாவகாசமாகச் செய்தது என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். ஜோன் நெட்டில்ஸ் 2011இல் விலகினார். அவருடைய இடத்துக்கு வந்த நீல் டட்ஜன், அதற்கு முந்திய வருடமே பழைய நாயகனின் உறவுக்காரனாக, அதே குடும்பப் பெயரோடு, வேறு ஊரில் வேலைசெய்யும் பொலிஸ்காரனாக ஒரு பகுதியில் வந்துபோய்விட்டார். நேயர்களுக்கு அன்றைக்கு அவர் ஒரு விருந்தாளி. மறுவருடம் கதவைத் தட்டியபோது தெரிந்த ஆள். எங்கள் ஏழு நாள் கண்ணீரில் அரை நாளை எடுத்து, பெரியக்கா தன் கையால் அவளுக்கு ஒரு சட்டை அளவெடுக்கிற காட்சியை எடுத்திருந்தால், பிறகு நான் எழுதிய முப்பது பக்கச் சமாதானம் தேவைப்பட்டிருக்காது. யாராவது விலகப்போவதாகச் சாடை காட்டினாலே முதலில் அடுத்தவரைத் தேடுங்கள். அழுகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தெரிவிலும் தவறினோம். வந்த பெண்கள் எல்லோரிடமும் பெரியக்காவின் பழைய வசனம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். பதினொரு பேரும் பெரியக்காவாகவே படித்தார்கள். இரண்டு பேர் ஒரு கண்ணைக்கூடச் சுருக்கினார்கள். கடைசியில் ஒரு மட்டக்களப்புப் பெண், “இதை எப்படிச் சொன்னாலும் அவர் மாதிரித்தான் வருகிறது, வேறு ஏதாவது தாருங்கள்” என்றார். அவரைத் தெரிவுசெய்தோம். அந்தக் கோரிக்கையின் பொருள் எங்களுக்கு அன்று விளங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

வருகைக் காட்சியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் விடியற்காலையில் திருகோணமலை நிலையத்துக்குள் நுழைகிறது. இறங்குகிறாள், படித்த பெண், தாயின் ஒன்றுவிட்ட தம்பியின் மகள். முடி காற்றில். அடுத்து கோணேசர் கோயில் குன்று, வானிலிருந்து. ட்ரோனுக்கு முன்அனுமதி வாங்க ஒரு கிழமை அலைந்தேன். கோயில் இருக்கும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, வழியெல்லாம் பக்தர்கள், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் கமராவை வைத்துவிட முடியாது. கோட்டை வாசலில் நாங்கள் காத்திருந்தபோது ஊர் மான்களில் ஒன்று நிதானமாக வந்து, கதிரையில் நான் வைத்திருந்த வசனப் பிரதியில் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனது. தொடருக்குக் கிடைத்த மிக நியாயமான விமர்சனம் அதுதான்.

ஏனென்றால் அந்த இரண்டு பக்கமும் புகழ்ச்சி. “எவ்வளவு பொறுப்பான பிள்ளை” என்று தாய் சொல்கிறாள். “இவ வந்த பிறகுதான் வீட்டில் வெளிச்சம்” என்று தங்கை சொல்கிறாள். மூன்றாவது பகுதியில் தம்பியின் சண்டையைத் தீர்க்கிறாள். ஐந்தாவது பகுதியில் நுண்கடன் வசூலிக்க வந்தவரிடம் சட்டம் பேசித் திருப்பி அனுப்புகிறாள். பெரியக்கா இரண்டு வருடமாகத் தூக்கம் கெட்டுச் சுமந்த கடனை இவள் ஒரே பின்னேரத்தில் தீர்த்துவைத்தாள். பெரியக்காவை முட்டாளாக்கியது நான்தான் என்று எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

என் அம்மாவுக்குத் தெரிந்தது. புதியவள் வந்த ஆறாவது பகுதி, மின்விசிறியின் கீழே பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து குசினிக்குப் போனார். அரிசி கழுவும் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் ஒருநாளும் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் உலை வைத்ததில்லை. “என்ன அம்மா?” என்றேன். “அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நான் எதற்கு?” என்றார்.

இதைவிடத் துல்லியமாக எந்த மதிப்பீட்டு அறிக்கையும் சொன்னதில்லை. ஒரு தொடரை மூன்று வருடம் பார்ப்பவர் வெறும் நேயர் அல்ல. அந்த வீட்டில் கூடவே கவலைப்படுகிற ஒருவர். புதிதாக வந்தவள் எல்லாக் கவலையையும் அள்ளிக்கொண்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை. அதோடு பெரியக்காவின் இடம் இன்னும் சூடாக இருக்கிறது. அந்தச் சூடு ஆறும்முன்பே ஒருத்தியை அங்கே உட்காரவைத்து, கைதட்டுங்கள் என்று நாங்கள் கேட்டுவிட்டோம்.

பன்னிரண்டு பகுதி ஒளிபரப்பாகிவிட்டது. நடிகையோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. திரும்பப் பெற வழியில்லை. இருந்ததை வைத்தே திருத்த வேண்டும். அந்தக் கிழமை பாடசாலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விடை சரியாக இருந்தும் செய்கை இல்லாவிட்டால் முழுப் புள்ளி கொடுக்க மாட்டோம் என்று பக்கத்து மேசைக் கணித ஆசிரியர் ஒரு மாணவனை ஏசிக்கொண்டிருந்தார். அங்கேதான் பிடி கிடைத்தது. கடன்காரர் திரும்பிப் போனார், சரி. எப்படிப் போனார்? சட்டம் பேசியா? எந்தக் கடன்காரர் சட்டத்துக்குப் போனார்? அவள் பணம் கொடுத்திருக்கிறாள். பணம் எங்கிருந்து வந்தது? அம்மம்மாவின் மூன்று பவுண் சங்கிலியை யாருக்கும் சொல்லாமல் அடகு வைத்திருக்கிறாள்.

நாங்கள் எடுத்து ஒளிபரப்பிய காட்சிகளிலேயே அதற்கு இடம் இருந்தது. ஒரு காட்சியில் அவள் அலுமாரியை மூடிவிட்டுத் திரும்புவாள். காரணமே இல்லாமல் எடுத்த அசைவு. அதை மறுபடி காட்டினோம். பதினான்காவது பகுதியில் அடகுச் சீட்டு தங்கையின் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து வீடு இரண்டாகியது. தம்பி அவளோடு பேசுவதை நிறுத்தினான். தாய் சாப்பாடு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். தொலைக்காட்சிக்கு முன் இருந்தவர்கள் மனதுக்குள் வைத்திருந்த எரிச்சலை இப்போது வீட்டுக்குள் இருக்கிறவர்களே வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். “பெரியக்கா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?” என்ற வசனத்தைத் தம்பிக்கு எழுதியபோது தயாரிப்பாளர் பதறிப்போனார், நாமே நம் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிறோமே என்று. அந்த வசனம் போன இரவு அம்மா குசினிக்குப் போகவில்லை.

ஒரு பாத்திரம் தவறு செய்ய வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக நான் சொல்ல வரவில்லை. தவறு அந்த வீட்டுப் பொருளைத் தொட வேண்டும். அவள் கொழும்பில் யாரையோ ஏமாற்றினாள் என்று பழைய கதை ஒன்றை இழுத்திருந்தால் யாருக்கும் சுட்டிருக்காது. அம்மம்மாவின் சங்கிலி எல்லோரும் மூன்று வருடமாகக் கண்ட சங்கிலி. குளிக்கும்போதுகூட அதை அவர் கழற்றியதில்லை என்று 40ஆவது பகுதியிலேயே ஒரு வசனம் இருந்தது. (அதை நான் மறந்துவிட்டேன். ஒரு நேயர் எழுதிக் கேட்டார். அம்மம்மா ஆஸ்பத்திரிக்குப் போன கிழமை கழற்றி வைத்ததாக ஓட்டை அடைத்தோம். நீண்ட தொடர் எழுதுகிறவர்கள் யார் என்ன சொன்னார்கள், என்ன அணிந்திருந்தார்கள் என்று ஒரு கொப்பி வைத்திருங்கள். என் கொப்பி 150ஆவது பகுதியோடு நின்றுபோயிருந்தது.)

அடுத்தது பேச்சு. கொழும்பில் வளர்ந்தவள் என்று எழுதியதால், நடிகையின் மட்டக்களப்புப் பேச்சை நாங்கள் வழித்துத் துடைத்திருந்தோம். ஒவ்வொரு வசனமும் செய்தி வாசிப்பதுபோல வந்தது. ஒருநாள் ஒத்திகையில் கோபம் வந்து, “மறுகா ஏன் என்னைக் கேட்கிறீர்கள்?” என்று அவர் சொந்தக் கோபத்தில் சொல்லிவிட்டார். பிறகு என்பதற்கு அங்கே மறுகா என்பார்கள். எல்லோரும் சிரித்தோம், இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. கொழும்பில் படித்தாலும் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பில் என்று அன்றிரவே மாற்றினோம். வாகரை, வெருகல், கிண்ணியா வழியாக வரும் பஸ்ஸில் அவள் சிறுவயதில் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதையில் வாந்தி எடுத்துத் தாயின் சேலையை நாசமாக்கிய கதை ஒன்றை அம்மம்மா ஞாபகம் வைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஒரு வாந்தி, மூன்று வரி. பெரியக்காவோடு எடுக்காமல் விட்ட காட்சியின் பாதி வேலையை அந்த மூன்று வரி செய்தது: இவளை இந்த வீடு முன்பே அறியும். மறுகா என்ற சொல்லைத் தம்பி சொல்லிக் காட்டிக் கேலி செய்யத் தொடங்கியபோது, அவர்கள் பேசாமல் இருந்த காலமும் முடிந்தது. ஊர்ப் பேச்சை மழிக்கிற பழக்கத்தை நான் பாடசாலையிலிருந்து கொண்டுவந்திருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வேலை. தையல் மெஷினில் அவளை உட்காரவைக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்; மறுத்தோம். அது பெரியக்காவின் இடம். மெஷின் மூடிய துணியோடு விறாந்தையில் அப்படியே இருக்கும், யாரும் தொட மாட்டார்கள், அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். சங்கிலியை மீட்கப் பணம் வேண்டும். அவள் கருவாட்டு வாடிக்குக் கூலிக்குப் போகிறாள்.

சாம்பல்தீவுப் பக்கம் ஒரு வாடியில் இரண்டு நாள் எடுத்தோம். கச்சான் காற்று வீசுகிற மாதம். மைக்கில் காற்றைத் தவிர எதுவும் ஏறவில்லை, வசனத்தைப் பாதிக்குமேல் வெட்டினேன். நல்லதாகப் போயிற்று. அங்கே வேலைசெய்யும் பெண்கள் முதல் பத்து நிமிடம் நடிகையை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பொறுக்க முடியாமல் கிட்ட வந்து கத்தியைப் பிடுங்கினார்கள். “முதுகுப் பக்கத்தால் கீற வேண்டும் மகள், வயிற்றால் கீறினால் விரியாது” என்று ஒருவர் கட்டா மீனைப் பிளந்து காட்டினார். குடலை எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, சதையில் குறுக்காகக் கீறி, கீறலுக்குள் உப்பைப் பெருவிரலால் அழுத்தினார். நடிகை செய்தபோது முள் உள்ளங்கையில் ஏறியது. உப்புக் கை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நடிகையின் கையை இழுத்து, முள்ளைப் பிடுங்கி, தன் சீத்தைத் துணியால் சுற்றிவிட்டு, அடுத்த மீனை எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை அனுதாபம் இல்லை. எடுத்ததில் நாற்பது விநாடி மட்டும் வைத்துக்கொண்டோம். ரயிலும் ட்ரோனும் சேர்ந்து செய்யாததை அந்த நாற்பது விநாடி செய்தது. புதியவரை எழுதுகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதைத்தான்: அவள் யார் என்று மற்றவர்கள் சொல்வதை வெட்டுங்கள். அவளுக்குத் தெரியாத ஒரு வேலையைக் கொடுத்து, தெரிந்த ஒருவரின் பக்கத்தில் விடுங்கள்.

பெரியக்காவின் குரல் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து நடிகை தொலைபேசியில் குரல் பதிவு அனுப்ப ஒப்புக்கொண்டார். குளிருக்குப் போர்வைக்குள் இருந்து பேசியதால் சத்தம் சுத்தமாக வந்தது. அது கத்தார் வெயிலிலிருந்து வரும் குரல் என்பதில் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் ஆசையில் அதிகம் பயன்படுத்திவிட்டோம். கிழமைக்கு ஒரு அழைப்பு. ஒவ்வொரு அழைப்பும் புதியவளின் காலை வாரியது. நேயர்கள் பெரியக்கா எப்போது திரும்புவாள் என்று நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஐந்து கிழமைக்கு ஒன்றாக்கி, அதுவும் தாய் மட்டும் கேட்கிற மாதிரி, எதிர்முனைக் குரல் இல்லாமல் எழுதினேன்.

அம்மம்மாவாக நடிப்பவர் நாட்டுக்கூத்து மேடையில் வளர்ந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றே அழைப்போம். கதையில் பெரியக்காவை அவர் “குஞ்சு” என்று கூப்பிடுவார். புதியவளை “பிள்ளை” என்பதோடு சரி. சங்கிலி விவகாரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை; சுவரைப் பார்த்துப் பேசுவார். 330ஐ ஒட்டிய பகுதி ஒன்றுக்குச் சாதாரண குசினிக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தோம். புதியவள் நிலத்தில் உட்கார்ந்து தேங்காய் திருவுகிறாள். அம்மம்மா பிரதியில் உள்ளபடி “அந்த மூக்குப்பேணியை எடு” என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்று வருடப் பழக்கம். “குஞ்சு, அந்த மூக்குப்பேணியை எடு” என்றுவிட்டார்.

திருவுகிற சத்தம் நின்றது. நடிகை திரும்பிப் பார்க்கவில்லை. தேங்காய்ப் பாதியைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். எழுந்து மூக்குப்பேணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பவும் உட்கார்ந்து திருவத் தொடங்கினார். அம்மாவுக்குத் தன் பிழை அப்போதுதான் விளங்கியது; வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். நான் கையைத் தூக்கி, வசனம் பிழை, மறுபடி எடுங்கள் என்றேன். இயக்குநர் என்னை வெளியே போய் ஒரு பிளேன்டீ குடிக்கச் சொன்னார்.

நான் எழுதியிருந்தால் அந்த இடத்தில் புதியவள் கண்கலங்கியிருப்பாள், அம்மம்மா அவள் தலையைத் தடவியிருப்பார், பின்னணியில் வீணை அழுதிருக்கும். பிழையாக வந்ததால் பிழைத்தது. அடுத்த பகுதியிலும் அம்மம்மா சுவரைப் பார்த்தே பேசினார். அதை நாங்கள் மாற்றவில்லை. குஞ்சு என்று மறுபடி எப்போது சொல்வார் என்பதை இன்றுவரை எழுதாமல் வைத்திருக்கிறேன். கேட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

சங்கிலி மீட்கப்படுவதற்கு முன்பு ஒருநாள் நடிகை மீன் சந்தைக்குப் போயிருக்கிறார். நிறுத்துக்கொண்டிருந்த பெண் தராசைக் கையில் வைத்தபடியே, “கிழவியின் சங்கிலியை வைத்துவிட்டு உனக்கு விளைமீன் கேட்கிறதா?” என்று ஏசிவிட்டு, கேட்டதைவிட ஒரு மீன் கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நடிகை படப்பிடிப்பு வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்துவிட்டு அழுதார். என்ன அழுகை என்று நான் கேட்கவில்லை. அன்று மத்தியானம் எல்லோருக்கும் விளைமீன் சொதி.

கணக்காகச் சொல்ல வேண்டுமானால், எங்கள் 22 நிமிடத்தில் பத்துப் பதினொரு காட்சி வரும். முதல் தடவை அவளுக்கு ஏழு காட்சி கொடுத்தேன். திருத்திய பிறகு இரண்டு, மூன்று. மற்றக் காட்சிகளில் அவள் இல்லை, ஆனால் யாராவது அவள் செய்ததன் விளைவைச் சுமந்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் அவளே இல்லாத ஒரு பகுதியை வேண்டுமென்றே எழுதினேன். அன்றைய பகுதி முடிந்ததும் என் அம்மா, “கருவாட்டுக்குப் போன பிள்ளை இன்னும் வரவில்லையா?” என்றார். அன்றுதான் காட்சிகளைக் கூட்டினேன்.

இப்போது வேறு சிக்கல். வாடைக்காற்று தொடங்கப்போகிறது. மழை பிடித்தால் மாசி வரும்வரை கடற்கரைக் காட்சி எதுவும் நிச்சயமில்லை, எல்லாம் வீட்டுக்குள்தான். அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் தன் மகளின் கலியாணத்துக்கு விறாந்தை வேண்டும், பந்தல் போட வேண்டும் என்கிறார், நியாயமான கேள்வி. மெஷினை உள்ளே எடுத்தாக வேண்டும். கமரா இல்லாத நேரத்தில் நான்கு பேர் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார் தயாரிப்பாளர். முடியாது, நேயர்கள் முதல் சட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கதைக்குள்தான் நகர்த்த வேண்டும். தம்பி ஒரு பக்கம் பிடிப்பான். மற்றப் பக்கத்தை யார் பிடிப்பது என்று இன்னும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பிரதி கொடுக்க வேண்டும்.